பாங்குக்குள் வராவிட்டால்

“இதுக்குப் பேரு கோஃப்தாவா? என் சுண்டுவிரல் இதைவிடப் பெரிசா இருக்கு. கெய்ரோவுல இந்தக் காசுக்கு முழங்கை நீளத்துக்குத் தருவான்!”

ஷௌகத் சுட்ட இறைச்சி உருளைகள் இருந்த தட்டைத் தள்ளி வைத்தார். மேசையைச் சுற்றி உட்கார்ந்திருந்த அத்தனை பேரும் விடியலிலிருந்து பச்சைத் தண்ணீர்கூடக் குடிக்காதவர்கள். நோன்பு திறக்கும் நேரம் நெருங்க நெருங்கப் பேசக்கூடத் தெம்பில்லாமல் கிடந்தார்கள். இவருக்கு மட்டும் எங்கிருந்துதான் தெம்பு வந்ததோ!

அன்று மதியம்தான் கெய்ரோவிலிருந்து மனைவி, பிள்ளைகளோடு மாமனார் ஊரான அலெக்சாண்டிரியாவில் வந்து இறங்கியிருந்தார். “கல்யாணமாகி இத்தனை வருஷத்துல ஒரு ரமலானுக்காவது எங்க வீட்டாளுங்களுக்கு நோன்பு திறக்க வெச்சிருக்கீங்களா?” என்று மனைவி நிவீன் ஒரு மாதமாக அரித்து எடுத்துத்தான் இந்தப் பயணமே.

கடையில் சாப்பிடுவது என்றாலே ஷௌகத்துக்கு வயிற்றெரிச்சல். அதிலும் இன்று சட்டைப்பையில் இருந்தது பிள்ளைகளின் பெருநாள் துணிக்கு என்று எடுத்து வைத்த பணம். மாமனார், மாமியார், மச்சான்மார் இரண்டு பேர், அவர்கள் குடும்பம் என்று ஒரு பட்டாளமே சாப்பிட்டு எழுந்தால் துணியாவது, மணியாவது.

ஆனால் உள்ளே நுழையும்போதே வாசல் பலகையைப் படித்துவிட்டார். ‘நோன்பு திறக்கப் பாங்கு சொல்வதற்குள் உங்கள் மேசைக்கு எல்லாத் தட்டும் வராவிட்டால், சாப்பாடு இலவசம்.’

அப்போதிலிருந்துதான் மனிதர் குறை கண்டுபிடிக்க ஆரம்பித்தார். சூப்பில் உப்புப் போதாதாம், நிறத்தைப் பார்த்தாலே தெரிகிறதாம். சோற்றில் முந்திரி இல்லையாம். “பாருங்க, உக்கார இடமாவது உருப்படியாக் குடுத்தானா? ஜன்னல் வழியா வெயில் நேரா மூஞ்சியில அடிக்குது. கெய்ரோவுல ஏசி போட்டு, திரை போட்டு, பாதி விலைக்குத் தருவான்.”

பரிமாறுகிற ஜாபிர் நெற்றியைத் துடைத்துக்கொண்டு நின்றார். “ஐயா, நீங்க கேட்ட எடைக்குக் கிராம் குறையாமத்தான் சுட்டிருக்கு.”

“தொட்டுப் பாரு, ஆறிப் போயிருக்கு. எடுத்துட்டுப் போ. சூடா, பெரிசா, புதுசாச் சுட்டுக் கொண்டா.”

ஜாபிர் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார். தட்டைத் தூக்கிக்கொண்டு சமையல்கட்டுக்கு ஓடினார்.

நிவீன் பல்லைக் கடித்தாள். “இப்பப் போய்த் திருப்பி அனுப்பினா எப்பங்க வரும்?”

“வரலைன்னா நமக்கு நல்லதுதானே?” ஷௌகத் கண்ணைச் சிமிட்டினார்.

“அடப்பாவி மனுஷா! நோன்பு வெச்சுக்கிட்டு வேணும்னே பண்றீங்களா?”

“ஆறினதை ஆறிப்போச்சுன்னு சொன்னா நோன்பு முறிஞ்சிடுமா? பலகை மாட்டினது அவன்தானே, நானா மாட்டினேன்?”

மாமனார் ஹாஜி பஸ்யூனி தொண்டையைச் செருமினார். “விடுங்க மாப்ள. ஊரே ஒரே நேரத்துல வந்து உக்காந்தா அவங்களுந்தான் என்ன பண்ணுவாங்க?”

“நீங்க சும்மா இருங்க மாமா. இப்படி விட்டு விட்டுத்தான் உங்க ஊர்ல கொள்ளையடிக்கிறான். கெய்ரோவுல எவனாவது இப்படிப் பண்ணிட்டுக் கடை நடத்த முடியுமா?”

டிவியில் குர்ஆன் ஓதி முடிந்தது. நோன்பு திறக்கும் நேரத்தைச் சொல்லும் பீரங்கி முழங்கியது. அறிவிப்பாளர் ஏதோ சொன்னார். ஷௌகத் விட்டால்தானே காதில் விழும்? “கெய்ரோவுல ஊறுகாய்க்கெல்லாம் காசே கிடையாது, தெரியுமா?” என்று அவர் பாட்டுக்குப் பேசிக்கொண்டே இருந்தார்.

பாங்கு ஒலித்தது.

ஷௌகத் துள்ளி எழுந்தார். ஒரு பேரீச்சம்பழத்தை வாயில் போட்டு, புளி சர்பத்தை மடமடவென்று ஒரே மூச்சில் குடித்தார். காலிக் கிளாஸை மேசையில் ஓங்கி வைத்தார்.

“பாங்கு சொல்லியாச்சு! கோஃப்தா எங்கே? எல்லாரும் பாத்துக்குங்க, கோஃப்தா வரலை! இன்னிக்கு நம்ம சாப்பாடு இலவசம்!”

அத்தனை மேசைக்காரர்களும் அவரையே பார்த்தார்கள். நம்ம சாமர்த்தியத்தைப் பார்த்து அசந்து போயிட்டாங்க என்று ஷௌகத்துக்கு ஒரே பெருமை. இன்னொரு கிளாஸ் சர்பத்தையும் ஊற்றிக் குடித்தார்.

சமையல்கட்டுக் கதவைத் தள்ளிக்கொண்டு ஜாபிர் ஓடி வந்தார். ஆவி பறக்கும் கோஃப்தா, அதுவும் முழங்கை நீளத்துக்கு. மேசை நடுவில் வைத்துவிட்டு மூச்சு வாங்கினார்.

“லேட்டு! எடுத்துட்டுப் போப்பா. உன் முதலாளியை வரச் சொல்லு. பலகையில எழுதினா போதுமா, சொன்ன சொல்லைக் காப்பாத்த வேணாமா?” வெயிலுக்குக் கையால் கண்ணை மறைத்துக்கொண்டு ஷௌகத் முழங்கினார்.

ஜாபிர் காலிக் கிளாஸைப் பார்த்தார். ஹாஜியைப் பார்த்தார். நிவீன் தலையில் கை வைத்துக்கொண்டாள்.

ஹாஜி பஸ்யூனியின் விரலிடுக்கில் பேரீச்சம்பழம் அப்படியே இருந்தது.

“டிவியில சொன்னது கெய்ரோ பாங்கு, மாப்ள. நம்ம ஊர்ல சூரியன் இன்னும் மறையலை.”