வெள்ளை நூலில் வந்த வளையம்

“சனிக்கிரகத்துக்குப் போன ஆளில்லாக் கலத்துக்கு வழி காட்டுனதே நம்ம நிட்டிங் மிஷின்தானுங்க!” என்றார் கந்தப்பன்.

நல்லூர் பனியன் கம்பெனியில் ஃபிட்டராக இருந்து ஓய்வு பெற்றவர் அவர். அந்தப் பழைய மிஷினை இரும்புக்கடைக்கு ஏற்றிப்போக வாசலில் வேன் நின்றது. அதைக் காப்பாற்ற அவருக்கு அந்த நேரத்தில் வேறு பொய் கிடைக்கவில்லை.

முதலாளி மகுடேஸ்வரன் விழுந்து விழுந்து சிரித்தார். “ஏனுங்கண்ணா, அந்தக் கலம் சனிக்குள்ள உழுந்து எரிஞ்சு வருசக்கணக்காச்சுங்களே!”

“ஒரே ஒரு ரோல் ஓட்டுங்க. துணியில சனியோட ஐஸ் வளையம் வரலீன்னா நானே வேன்ல ஏத்தி உடறனுங்க.”

மகுடேஸ்வரனே வெள்ளை நூல் கோன்களை மாட்டி சுவிட்சைப் போட்டார். துணி இறங்கியது. பழுப்பில் அகலமாக ஒரு வளையம், சாம்பலில் மெலிதாக ஒன்று, நடுவே கறுப்பு இடைவெளி.

“கோன் மாறிப்போச்சுங்க” என்று மகுடேஸ்வரன் ஒவ்வொன்றாகக் கழற்றிப் பார்த்தார். எல்லாம் வெள்ளை.

கந்தப்பனுக்கு வாயெல்லாம் பல். அந்தப் பொய்யை அடித்துவிட்டது தான்தான் என்பதே அவருக்கு மறந்துவிட்டது.

மறுபடி ஓட்டினார்கள். வளையங்களுக்கு இடையே கடுகளவு புள்ளி ஒன்று சுற்றுக்குச் சுற்று நகர்ந்துகொண்டே போனது. அது நின்ற இடத்தில் துணி பொசுங்கி ஓட்டையாகியிருந்தது.

மகுடேஸ்வரன் அந்த ஓட்டையில் விரலை விட்டு, வெடுக்கென்று இழுத்துக்கொண்டார். விரல் நுனியில் ஐஸ் ஒட்டியிருந்தது.

“வேனை எடுத்துட்டுப் போங்க” என்றார் டிரைவரிடம். “அண்ணன் சொன்னது நெசந்தானுங்க. என் கண்ணால பாத்தனுங்க.”