காகம் தொடாத சோறு

ஈரக் கையை மறுபடியும் பட்பட்டென்று தட்டினான் ஜயதேவன். காயல் கரையில், படகு வீட்டை ஒட்டி விரித்த வாழையிலையில் எள் கலந்த பலிச்சோறு உருண்டையாக இருந்தது. தென்னை மட்டையில் வரிசையாக உட்கார்ந்திருந்த காகங்களில் ஒன்றுகூட இறங்கி வரவில்லை.

"பாத்தியா சுனிஷா? செத்தும் ஊர்மிளாவுக்கு என் மேல கோபம் தீரல," என்றான். தட்டி ஓய்ந்த கையால் மனைவியின் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டான்.

கல்யாணம் முடிந்து கிளம்பிய இந்தப் பயணம் முழுக்க அவன் அந்தக் கையை விடவே இல்லை. மூணாறு தேயிலைத் தோட்டத்தில் படம் எடுத்துக் கொடுத்த அம்மா ஒருத்தி, "என்னா பாசம்டியம்மா!" என்று கன்னத்தில் கை வைத்துக்கொண்டாள். முதல் மனைவியைத் தண்ணீருக்குக் கொடுத்தவன், பாவம், அவனுக்குப் பயம் இருக்காதா?

மூன்று வருஷத்துக்கு முன்னால் இதே மாதிரி மலை, காடு, காயல் என்று சுற்றி வந்த கடைசி நாளில், படகு வீட்டின் ஓரத்திலிருந்து ஊர்மிளா விழுந்துவிட்டாள். உடல் கிடைக்கவில்லை. "அவ பொறந்த மண்ணு இந்தக் குட்டநாடுதான். தண்ணி அவளைத் திருப்பி எடுத்துக்கிச்சு," என்று சொல்லும்போதெல்லாம் ஜயதேவனின் குரல் உடையும்.

ஆனால் அவள் போகவில்லையாம். தேக்கடி ஏரியில் பட்டுப்போய் நிற்கும் மரங்களுக்கு நடுவே, "அதோ நிக்கிறா!" என்று அவன் அலறினான். அன்று சாயங்காலம் விடுதி அறையில் சுனிஷாவுக்கு விழுந்த அடியில் காது இன்னும் ரீங்கரிக்கிறது.

"அடிச்சது நானில்ல, அவ என் மேல இறங்கினா," என்று பிறகு அவள் மடியில் விழுந்து அழுதான். "காக்கா சோறெடுத்து அவ போயிட்டாப் போதும். அப்புறம் உன் மேல என் விரல்கூடப் படாது. சத்தியம்!"

அந்தச் சத்தியத்தை நம்பித்தான் சுனிஷா நேற்று முழுக்க ஒரு வேளைச் சோற்றோடு விரதம் இருந்தாள். ஊர்மிளா போனால்தான் தனக்கு வாழ்வு. அது அவளுக்கு நன்றாகவே தெரியும்.

"சுனிஷா!" ஜயதேவனின் பிடி இறுகியது. கரையோரமாகச் சற்றுத் தள்ளி, முழங்கால் தண்ணீரில் வாத்துகளுக்கு நடுவே தலைமுடியை விரித்துப்போட்டுக்கொண்டு ஒருத்தி நின்றிருந்தாள். அவன் முகம் சுண்ணாம்பாக வெளுத்துவிட்டது.

சுனிஷாவும் பார்த்தாள். ஐயோ, தெய்வமே! அவன் பர்ஸில் இருந்த போட்டோவில் பார்த்த அதே முகம்.

"பொன்னப்பா! அங்கே யாரு?" என்று படகோட்டியிடம் கத்தினான் ஜயதேவன்.

பொன்னப்பன் கண்ணுக்கு மேல் கையைக் குவித்து நிதானமாகப் பார்த்தார். "யாரையும் காணோமே சார். வாத்துக்கூட்டம்தானே நிக்குது?"

அவ்வளவுதான். ஜயதேவன் படகுக்குள் ஓடினான். "நான் கூப்பிட்டா வராது. நீ கெஞ்சிக் கூப்பிடு. காக்கா எடுக்காம உள்ளே வந்தே, அப்புறம் நடக்கிறதுக்கு நான் பொறுப்பில்ல!" என்று கதவைச் சாத்திக்கொண்டான்.

சுனிஷா இலையோடு அழுதுகொண்டு நின்றாள். பொன்னப்பன் கிட்டே வந்து குரலைத் தாழ்த்தினார். "இங்கே வேணாம் மோளே. அந்தப் பூவரசுக்கு அந்தப் பக்கம் கொண்டுபோய் வையி. அங்கே வரும்."

போனாள். இலையை வைத்து, கையை நனைத்துத் தட்டினாள். "ஊர்மிளா சேச்சி, உங்க இடத்தை நான் பறிக்கல. அவரை விட்டுட்டுப் போயிடுங்க. இனிமே அடி வாங்க என் உடம்புல தெம்பில்ல!"

காகம் வரவில்லை. மரத்துக்குப் பின்னாலிருந்து ஈரம் சொட்டும் கை ஒன்று நீண்டது. பலிச்சோற்றில் ஒரு கவளம் எடுத்தது.

"என் பேருக்கு வெச்சதுதானே?" என்று வாயில் போட்டு மென்றாள் அவள். "எள்ளு கொஞ்சம் ஜாஸ்தி."

சுனிஷா பின்னால் நகர்ந்தாள். அந்தக் கை அவள் மணிக்கட்டைப் பிடித்து வளையல்களை மேலே தள்ளியது. அங்கே கன்றிப்போயிருந்த விரல் தடங்களை ஒவ்வொன்றாகத் தடவிப் பார்த்தது. கை சொரசொரப்பாக இருந்தது. வாத்துத் தீவன வாடை அடித்தது. நல்ல சூடாகவும் இருந்தது.

"நடுங்காதே. உயிரோட இருக்கிறவளுக்குப் பலி வெச்சா காக்கா எப்படித் தொடும்?" என்றாள் ஊர்மிளா. "ரெண்டு தடவை வீட்டை விட்டு ஓடினேன். ரெண்டு தடவையும் தேடி வந்து இழுத்துட்டுப் போனான். அப்புறம்தான் தண்ணியில குதிச்சேன். தேடவே இல்ல, திதிதான் குடுத்தான்!"

படகிலிருந்து பொன்னப்பன் வேண்டுமென்றே உரக்க இருமினார். கதவு திறக்கும் சத்தம் கேட்டது. "சுனிஷா! எடுத்துச்சா, இல்லையா?" என்ற அதட்டல் வந்தது.

ஊர்மிளா மிச்சச் சோற்றை வாத்துகளுக்கு வீசினாள். காலியான இலையை சுனிஷாவின் கையில் திணித்தாள்.

"எடுத்துச்சுன்னு சொல்லு. அந்த வளைவுல பொன்னப்பன் சேட்டன் படகை மெதுவா விடுவாரு, அன்னைக்கு எனக்கு விட்ட மாதிரி. நான் கரையில நிப்பேன்," என்றவள், சுனிஷாவின் காதருகே குனிந்து கேட்டாள்:

"உனக்கு நீந்தத் தெரியுமா, மோளே?"