பதினேழாம் எண் எலும்பு

மாலை வெயில் ஆய்வுக்கூடத்து ஜன்னல் வழியாக நுழைந்து, மாவுக்கட்டுப் போட்ட அவளுடைய இடது மணிக்கட்டின் மேல் சாய்ந்து கிடக்கிறது. மைக்ரோஸ்கோப்பின் அடியில் பதினேழாம் எண் ஸ்லைடு. எலும்பு தேயட்டும் என்றே சூலகம் நீக்கப்பட்ட எலியின் தொடையெலும்பு, தாளைவிட மெல்லிய சீவலாக, நீலச் சாயத்தில் வலைபோலத் தெரிகிறது. தேய்வைத் தடுக்குமா என்று பார்க்க, பாதி எலிகளுக்கு மட்டும் சோயாவிலிருந்து பிரித்தெடுத்த மருந்தைக் கொடுத்திருக்கிறார்கள். எவற்றுக்கு என்ற பட்டியல் அலமாரியில், ஒட்டி மூடிய கவருக்குள் இருக்கிறது. எல்லாவற்றையும் எண்ணி முடிக்கும்வரை அதைப் பிரிக்கக் கூடாது. அவளுக்கு மாதவிலக்கு நின்று நான்கு வருடமாகிறது. குளியலறையில் லேசாக வழுக்கியதற்கே மணிக்கட்டு முறிந்தது. "எலும்பு ரொம்பத் தேய்ஞ்சிருக்கும்மா" என்று டாக்டர் சொன்ன நாளிலிருந்து ஒவ்வொரு சீவலையும் சொந்தக்காரியைப் பார்ப்பதுபோலப் பார்க்கிறாள். ஓர் எலும்பிழைக்கு ஒருமுறை என வலது கட்டைவிரல் எண்ணும் கருவியை அழுத்துகிறது. டிக். டிக். ஓர் எலும்பிழை பாதிவழியில் அறுந்து நிற்கிறது. அறுந்ததை எண்ணக் கூடாது; விரல் அதையும் முழுசாகக் கணக்கில் சேர்த்துவிடுகிறது. அவள் திடுக்கிட்டு நிமிர்கிறாள். இதற்கு முந்தைய பதினாறிலும் இப்படித்தான் செய்தாளா? "என்னடி, எலிகிட்ட கதை கேட்டுட்டு இருக்கியா?" என்கிறாள், பக்கத்து மேசையில் ஸ்லைடு துடைக்கும் மூத்த டெக்னீஷியன். "அக்கா, முதல் ஸ்லைடுலேருந்து நீங்களே எண்ணிடுங்க. இந்த மருந்து பலிக்கணும்னு எனக்கு ரொம்ப ஆசையா இருக்கு." சிரிக்கத் திறந்த அக்காவின் வாய், மாவுக்கட்டைப் பார்த்ததும் மூடிக்கொள்கிறது. அக்கா நாற்காலியை இழுத்துப் போட்டு உட்காருகிறாள். இவள் கருவியைப் பூஜ்யத்துக்குத் திருப்பி, விரல் சூடு ஆறாத அதை அக்காவிடம் நீட்டுகிறாள்.