காலருக்குள் ஓர் அரிப்பு

"இங்கயா?"

மனைவியின் விரல் இடது தோளில் நின்றது.

தையல்காரர் இரண்டு முறை இமைத்தார். இல்லை என்று அர்த்தம். ஒரு முறை என்றால் ஆமாம். பக்கவாதம் வந்து கை, கால், வாய் எல்லாவற்றையும் வாரிக்கொண்டு போனபோது, போனால் போகட்டும் என்று விட்டுவைத்தது அந்த இமைகளை மட்டும்தான்.

அரிப்பு பிடரியில் இருந்தது. காலருக்குள், தலையணையில் அழுந்தி, அவள் கை போகாத இடத்தில்.

படுத்த நாளிலிருந்தே அவருக்குத் தோல் வறண்டு, செதில் செதிலாக உதிர்ந்துகொண்டிருந்தது. பார்க்க வந்த நர்ஸ் காரணங்களை அடுக்கிவிட்டுப் போனாள். கொதிக்கக் கொதிக்க வெந்நீர், வாசனை சோப்பு, ஏசி காற்று, வயசு, நைலான் கலந்த துணி.

இவளும் ஒவ்வொன்றாக ஒழித்துக் கட்டினாள். வெந்நீரை வெதுவெதுப்பாக்கினாள். சோப்பை மாற்றினாள். ஈரம் காய்வதற்குள் எண்ணெய் தடவினாள். ஏசியை நிறுத்திவிட்டு வியர்வையில் தானும் கிடந்தாள். வயசை மட்டும்தான் அவளால் ஒன்றும் செய்ய முடியவில்லை. சும்மா சொல்லக் கூடாது, தோல் தேறித்தான் வந்தது.

மிச்சம் இருந்தது துணி. நேற்று கடை கடையாக ஏறி இறங்கி, சுத்தப் பருத்தியில் ஒரு சட்டை வாங்கிவந்து, இன்று காலையில் போட்டுவிட்டாள்.

பிள்ளையார் பிடிக்கக் குரங்காய் முடிந்தது. காலருக்குள் தைத்திருந்த லேபிளின் முனை மூச்சுக்கு மூச்சு பிடரியைப் பிறாண்டியது.

காலமெல்லாம் ஊருக்குச் சட்டை தைத்த மனுஷன். இப்படி லேபிள் குத்துகிறது என்று வந்தவர்களுக்கெல்லாம் பிளேடு நுனியால் நாலு தையலை அறுத்துக் கொடுத்து அனுப்பியவர். அந்த ஒரு வார்த்தையைச் சொல்ல இன்று வாயில்லை.

முதுகா? இல்லை. விலாவா? இல்லை. வயிறா? அதுவும் இல்லை. அவர் கண்ணோரம் நீர் வழிய ஆரம்பித்தது.

அதைப் பார்த்ததும் அவள் கட்டில் ஓரத்தில் தொப்பென்று உட்கார்ந்துவிட்டாள்.

"இத்தனை வருஷம் குடித்தனம் பண்ணியும், உங்களுக்கு எங்க அரிக்குதுன்னுகூடத் தெரியாத ஜென்மமா போயிட்டேனே!"

தலையில் அடித்துக்கொண்டு அழுதாள். அவள் அழுதால் அவருக்குப் பொறுக்காது. முன்பென்றால் ஏதாவது குதர்க்கமாகப் பேசிச் சிரிக்க வைத்துவிடுவார். இப்போது வெறுமனே பார்த்துக்கொண்டு கிடக்க வேண்டியிருந்தது.

மூக்கை உறிஞ்சிக்கொண்டு, நம்பிக்கையே இல்லாமல், அவர் முழங்காலில் விரலை வைத்தாள். கேட்கக்கூட இல்லை.

அவர் ஒரு முறை இமைத்தார்.

அடடா, அவள் முகத்தில் வந்த வெளிச்சத்தைப் பார்க்க வேண்டுமே! இரண்டு கையாலும் முழங்காலைச் சொறிந்தாள். அழுத கண்ணோடு சிரித்தாள். அவருக்குப் பிடரி தீயாக எரிந்தது.

"பாத்தீங்களா? சட்டை படுற இடம் எல்லாம் சுகமா இருக்கு, அது எட்டாத முழங்கால்லதான் அரிச்சிருக்கு! நாளைக்கே இதே மாதிரி இன்னும் நாலு வாங்கிடறேன்."

அவர் இரண்டு முறை இமைத்தார். மறுபடியும் இரண்டு முறை.

அவள் அலமாரிப் பக்கம் திரும்பி, அவர் கையால் தைத்த பழைய சட்டைகளை மூட்டை கட்டிக்கொண்டிருந்தாள்.