மூத்த கட்டம்

ஸ்காட்லாந்தில் ஒரு வீட்டு அலமாரியில் இரண்டு கில்ட்டுகள் தொங்கின. ஆண்கள் விழாநாளில் உடுத்தும் கட்டம்போட்ட கம்பளிப் பாவாடைகள் அவை. அந்நாட்டில் குலத்துக்கொரு கட்டம் உண்டு. ஆகவே எவர் குலம் மூத்தது என்று சிவப்பும் பச்சையும் ஓயாமல் வாதிட்டன.

"எம் முன்னோர் போர்க்களம் கண்டவர்கள், ஓய்!" என்றது சிவப்பு.

"கண்டதும் ஓடியிருப்பார்கள்" என்றது பச்சை.

ஒருநாள் கதவிடுக்கு வழியே ஓர் அந்துப்பூச்சி நுழைந்தது.

"முட்டையிட இடம் தேடுகிறேன். என் பிள்ளைகள் கம்பளியைத்தான் தின்பார்கள். பழங்கம்பளி என்றால் ஒரு நூலும் விடமாட்டார்கள். உங்களில் யார் மூத்தவர்?"

சிவப்பு முந்திக்கொண்டது. "நான் சென்ற மாதம்தான் கடையிலிருந்து வந்தேன், அம்மா. குலமாவது, கோத்திரமாவது!"

பூச்சி பச்சையின் பக்கம் திரும்பியது. "நீங்களும் புதியவர்தானா?"

பச்சையும் அதே கடையிலிருந்து அதே நாளில் வந்ததுதான். ஆம் என்று சொன்னால் பிழைத்துக்கொள்ளலாம். ஆனால் சிவப்பு தன் வாயாலேயே தோல்வியை ஒப்புக்கொண்டிருக்கிறதே; இப்படியொரு நாள் மறுபடி வாய்க்குமா?

"புதியவனா, நானா?" என்று பச்சை நிமிர்ந்தது. "முந்நூறு ஆண்டுப் பரம்பரை, அம்மா. உள்ளே வந்து பாருங்கள்."

பூச்சி மகிழ்ந்து அதன் மடிப்புக்குள் புகுந்தது. சில வாரங்களில் புழுக்கள் இடுப்புப் பட்டைவரை தின்று ஏறிவிட்டன.

"கேட்டீரா, ஓய்?" என்றது பச்சை, எஞ்சியிருந்த ஒற்றைக் கட்டத்திலிருந்து. "தின்கிறவர்களே சொல்கிறார்கள், அசல் பரம்பரைச் சுவையாம்!"