துப்பாக்கி ஏந்திய சம்மனசு

மலைநாட்டுத் தேவாலயம் ஒன்றில் கூடு கட்ட இடம் தேடிய சிட்டுக்குருவிக்கு, அங்கே தொங்கிய பழைய ஓவியத்தின் சட்டம் ரொம்பப் பிடித்துப்போனது. ஆனால் ஓவியத்தில் நின்ற வானதூதர் கையில் நீளமான துப்பாக்கி இருந்தது.

"ஏன் சாமி, சம்மனசுக்கு எதுக்குத் துப்பாக்கி?" என்று தள்ளி நின்றே கேட்டது குருவி.

"என்னை வரைஞ்சவன் உள்ளூர்க்காரன், தாயி. வானத்துச் சேனையை வரையச் சொன்னாங்க வெள்ளைக்காரச் சாமியாருங்க. அவன் கண்ட சேனையெல்லாம் கப்பல்ல வந்து இறங்கின சிப்பாய்ங்கதான். சரிகைச் சட்டை, இறகு வெச்ச தொப்பி, துப்பாக்கின்னு எல்லாத்தையும் குடுத்துட்டு, கடைசியில ஞாபகம் வந்து இறக்கையையும் ஒட்டிவிட்டான்."

"சுடுவீங்களா?"

"குண்டை அவன் வரையவே இல்லையே!"

குருவி சிரித்துவிட்டு, சட்டத்தின் மூலையில் கூடு கட்டி முட்டையும் இட்டது.

ஒருநாள் ஜன்னல் வழியே ஒரு வல்லூறு பாய்ந்து வந்தது. கூட்டை நெருங்கியதும் துப்பாக்கியைப் பார்த்து, அலறியடித்துக்கொண்டு வெளியே பறந்தது.

"அசையாம நின்னே விரட்டிட்டீங்களே சாமி!"

"நீ வேற! பயத்துல எனக்குக் கையும் ஓடலை, காலும் ஓடலை."

சேதி பரவி மற்றக் குருவிகளும் குடியேற வந்தன. நம் குருவி பெருமை பொங்கச் சொன்னது: "எங்க வேணாலும் கட்டுங்க. துப்பாக்கி வாய்க்கு நேரா மட்டும் வேணாம். போன வாரம்தான் ஒரு வல்லூறைச் சுட்டாரு!"

அதைக் கேட்டதிலிருந்து வானதூதரும் துப்பாக்கியைக் கொஞ்சம் ஜாக்கிரதையாகத்தான் பிடித்துக்கொண்டிருக்கிறார்.