எதிர்வீட்டுக் காய்ச்சல்

அழைப்பு மணி வரை போன விரல் திரும்பி வந்தது.

எப்படிக் கேட்பது?

எதிர்வீடுதான். ஒரே மாடி. ஆனாலும் வாசலிலேயே நின்றுகொண்டிருந்தாள்.

பின்னால், அவள் வீட்டுக்குள், மகள் மிதுனா தூங்கிக்கொண்டிருந்தாள். ஆறு வயது. தலையில் ஒரு முடிகூட இல்லை.

ரத்தப் புற்றுநோய்க்கு ஏற்றுகிற மருந்து, சிறுவயதில் போட்ட தடுப்பூசிகளின் பலத்தையும் சேர்த்துக் கரைத்திருந்தது. தட்டம்மை ஊசியை இப்போது மறுபடி போடவும் முடியாது. அந்த உடம்பு தாங்காது.

"சுத்தி இருக்கற பிள்ளைங்க போட்டிருக்கணும்மா. அவங்களைத் தாண்டித்தான் நோய் இவகிட்ட வரணும்" என்றிருந்தார் டாக்டர்.

பின்தெருவில் இரண்டு குழந்தைகளுக்குத் தட்டம்மை.

எதிர்வீட்டு அகரனுக்கு நான்கு வயது. அவனுக்கு அந்த ஊசியே போடவில்லை.

மணியை அழுத்தினாள்.

அகரனின் அம்மா கோகிலவாணி எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டாள். முகம் மட்டும் மாறிக்கொண்டே வந்தது.

"பொறந்த புதுசுல போட்ட ஊசிக்கே ராத்திரி பூரா அனலாக் கொதிச்சானுங்க. அன்னைக்கே போதும்னு விட்டுட்டேன். உங்க பொண்ணுக்காக எம்பையன் மறுபடி அந்தப் பாடு படோணுமா?"

"அவனுக்காகவுந்தாங்க கேக்கறேன். வர்ற அம்மை அவனையும் விடாதுங்க."

கதவு சாத்திக்கொண்டது. மெதுவாகத்தான்.

அன்று முழுக்க ஜன்னல்களை அடைத்தே வைத்திருந்தாள். மிதுனாவுக்கு வியர்த்தது. விசிறிக்கொண்டே இருந்தாள்.

மறுநாள் கோகிலவாணி படியேறி வந்தாள். தோளில் அழுது ஓய்ந்த அகரன். அவன் கையில் பஞ்சு.

"அவனையும் விடாதுன்னு நீங்க சொன்னது ராத்திரி தூங்கவிடலைங்க. போட்டாச்சுங்க. இந்த நோய் எப்படி இருக்கும்னு உடம்பு பழகிக்குமாம். அதுல அடுத்த வாரம் காய்ச்சல் வந்தாலும் வருமாம். முழுசாப் பலம் புடிக்க ரெண்டு வாரம் ஆகும்னு நர்ஸ் சொன்னாங்க."

தன் வீட்டுச் சாவியைத் தேடியபடி நின்றாள்.

"காய்ச்சல் வந்தா உங்களைத்தான் கூப்பிடுவேன்."

"கூப்பிடுங்க."

அதன்பின் மிதுனாவின் அம்மாவுக்குக் காது எதிர்க்கதவிலேயே கிடந்தது. அகரன் இருமினால் அடுப்பை அணைத்துவிட்டு நின்று கேட்டாள்.

அடுத்த வாரம், ஒரு மத்தியானம்.

"அக்கா!"

கோகிலவாணி அவளை அப்படிக் கூப்பிட்டதே இல்லை.

மிதுனாவைக் கணவனிடம் விட்டுவிட்டு ஓடினாள்.

பையன் பாயில் சுருண்டு கிடந்தான். நெற்றி சுட்டது.

ஊசிக் காய்ச்சலா? பின்தெருக் காய்ச்சலா?

இருவரும் அவன் காதுக்குப் பின்னால் பார்த்தார்கள். சட்டையைத் தூக்கி முதுகைப் பார்த்தார்கள்.

தடிப்பு எதுவும் இல்லை.

இதுவரை இல்லை.

"ஊசிக்கு வந்ததுதானுங்களே அக்கா?"

போடச் சொன்னவள் அவள்தான். அவளுக்கும் தெரியவில்லை. நர்ஸுக்குப் போன் போட்டாள். சாயங்காலம் வந்து பார்ப்பதாகச் சொன்னார்.

கோகிலவாணி மகனின் கால்களைப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தாள். பிறகு தலையைத் தூக்காமலே சொன்னாள்.

"வேற எதாவதா இருந்துட்டா... நீங்க போயிருங்க. அங்க பாப்பா இருக்கா."

மிதுனாவின் அம்மா எழுந்தாள். குழாயைத் திறந்து துணியை நனைத்தாள். பிழிந்து எடுத்துவந்து பையனின் நெற்றியில் போட்டாள்.

ஈரக்கையோடு போனை எடுத்தாள்.

"இன்னைக்கு மிதுனாவுக்கு நீங்களே சோறு ஊட்டிருங்க" என்றாள் கணவனிடம். "கதவைச் சாத்திக்கோங்க. நர்ஸ் பாத்துச் சொல்ற வரைக்கும் நான் இங்கயே இருக்கேன்."